வாக்குரிமையும் ஊரவர் கடமையும்

மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, வாழைச்சேனையை அடுத்து அமைந்த ஊர் ஓட்டமாவடி. வயலும் ஆறும் கடைத்தெருவும் அவ்வூரவரின் சீவனத்துக்கு ஆதாரம். புகைவண்டியும் மோட்டார் வண்டியும் ஒன்றுக்கு மற்றொன்று வழிவிட்டுச் சென்ற பழைய இரும்புப் பாலத்தால் அவ்வூரின் பெயர் நாடெங்கும் தெரிந்திருந்தது. இன்று வீதிக்கெனத் தனிப்பாலம் உண்டு. பாலம் இரண்டானாலும் வயலுக்கு நீர் விடும் முறை பெரிதும் மாறவில்லை.

பெரும்போகம் தொடங்குமுன் அப்பகுதி விவசாயிகள் ஒன்றுகூடுவர். அதனை ஆரம்பக் கூட்டம் என்பர். வாகனேரி முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களில் எந்நாளில் விதைப்பைத் தொடங்குவது, எந்நாளுக்குள் முடிப்பது, கால்நடைகளை எப்போது வயற்புறத்தினின்றும் அகற்றுவது என்பன அங்கே பேசித் தீர்க்கப்படும். சிறுபோகமாயின் குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து, இத்தனை ஏக்கரே செய்யலாம் என்று வரையறுப்பர். பெரும்பான்மையோர் எடுத்த முடிவு எல்லோரையும் கட்டும். கூட்டத்துக்கு வராதவனையும் அது கட்டும். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவன் அன்று வீட்டிலிருந்துவிட்டுப் பின்பு, "என் வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை" என்று முறையிட்டாற் பயன் சிறிது.

இவ்வழக்கம் பழமையானது. நீர்ப்பாசனத்தையும் நெற்செய்கையையும் பற்றிய பண்டைய வழமைகளை மீண்டும் நிலைநிறுத்தவென 1856ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. நாட்டில் வாக்குச் சீட்டு என்ற சொல்லே பரவாத காலத்தில், கூடிப் பேசிப் பெரும்பான்மைக்கு அடங்கும் முறையை வயற்கரை மக்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சட்டம் சான்று. ஆகவே, மக்களாட்சி என்பது கடல் கடந்து வந்த புதுச் சரக்கு என்று எண்ணுவது முற்றும் சரியன்று. ஒரு குளத்தின் அளவில் நடந்ததை ஒரு நாட்டின் அளவுக்கு விரிப்பதே பின்வந்த காலத்தின் வேலையாயிற்று.

அந்த வேலை எளிதில் முடியவில்லை. 1931க்கு முன் இலங்கை மக்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பேருக்கே வாக்குரிமை இருந்தது. சொத்தும் வருமானமும் கல்வியும் உடைய ஆடவரே வாக்காளர். 1927ஆம் ஆண்டில் கொழும்பிற் சில பெண்மணிகள் கூடி மாதர் வாக்குரிமைச் சங்கத்தை நிறுவினர். அக்னஸ் டி சில்வா என்னும் அம்மையார் அதன் முன்னணியில் நின்றார். டொனமூர் ஆணைக்குழுவினர் வந்தபோது அச்சங்கத்தார் அவர்கள் முன் தோன்றித் தம் வழக்கை எடுத்துரைத்தனர். ஆணைக்குழு பெண்களுக்கு முப்பது வயதில் வாக்கு அளிக்கலாம் என்றது. இறுதியில் ஆண், பெண் இருபாலாருக்கும் இருபத்தொரு வயது என்றே விதி வகுக்கப்பட்டது. 1931இல் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் ஏழையும் செல்வனும், எழுத்தறிந்தவனும் அறியாதவனும், ஆணும் பெண்ணும் ஒரே நிரையில் நின்றனர். வாக்களிக்கும் வயது பின்னர், 1959இல், பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. சிலர் கூடி அமைத்த ஒரு சங்கம் கோடிக்கணக்கானோரின் உரிமைக்கு வழி திறக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அதே 1931ஆம் ஆண்டுத் தேர்தல் இன்னொரு பாடத்தையும் வைத்துச் சென்றது. மட்டக்களப்புத் தெற்குத் தொகுதியிலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார் அமைச்சராகி, போக்குவரத்து, பொதுவேலைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். வடக்கிலோ, முழுச் சுயாட்சி கிட்டவில்லையென்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசார் தேர்தலைப் புறக்கணிக்கும்படி அழைத்தனர். நான்கு தொகுதிகளில் தேர்தல் நடைபெறவில்லை. அந்த இளைஞரின் நோக்கம் உயர்ந்ததென்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் 1934 வரை அவ்விடங்கள் வெறுமையாய்க் கிடந்தன. சபை கூடிற்று, சட்டம் இயற்றிற்று, பணத்தைப் பங்கிட்டது. வெற்று நாற்காலியின் கருத்தை அங்கே யாரும் கேட்டறியவில்லை.

பாராளுமன்றத் தேர்தலென்றால் ஊரிற் கொடியும் கூட்டமும் நிறையும். உள்ளூராட்சித் தேர்தலென்றால், "வீதிக்குக் கல் போடுவதற்கும் குப்பை அள்ளுவதற்குமா இத்தனை பாடு?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்விக்கு ஓட்டமாவடியே விடை சொல்லும்.

2020 ஏப்ரலில், கொவிட் நோயால் இறந்தோர் யாவரும் தகனம் செய்யப்படவேண்டும் என்று இலங்கை அரசாங்கம் விதித்தது. அடக்கஞ் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் அவ்விதி பல மாதம் நீடித்தது. இறந்தவரை மண்ணில் அடக்குவதே மார்க்கக் கடமையெனக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் பட்ட துயரம் பெரிது. கிறிஸ்தவர்களுள்ளும் இதனால் வருந்தினோர் உளர். 2021 பெப்ரவரி இறுதியில் விதி தளர்ந்தது. முதலில் இரணைதீவு குறிக்கப்பட்டு, அங்குள்ள மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் ஓட்டமாவடிப் பகுதியின் மஜ்மா நகரில் நிலம் ஒதுக்கப்பட்டது. 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் நாட்டின் பல திசைகளிலிருந்தும் சடலங்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. ஓராண்டுக் காலத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்மண்ணிற் துயில்கொண்டனர். முஸ்லிம்கள் பெரும்பாலோராயினும் பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அவர்களுள் இருந்தனர். 2024 யூலையில் அரசாங்கம் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அந்த நிலம் கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குட்பட்டது. வைத்தியரும் படையினரும் செய்த பணியோடு, அந்தச் சிறு சபையும் தன் பங்கைச் சுமந்தது. வீதி, குப்பை, விளக்கு என்று எண்ணப்பட்ட ஓர் ஊர்ச்சபையின் வாசலில் நாட்டின் துயரம் வந்து நின்றது. எந்தச் சபைக்கு எந்நாள் எப்பாரம் வருமென்று முன்கூட்டி அறியமுடியாது. ஆகையால், அச்சபையில் அமர்பவர் யார் என்பது சிறு காரியமன்று.

ஊர்ச்சபைகள் இந்நாட்டில் நிலையற்ற வாழ்வு வாழ்ந்திருக்கின்றன. 1871இல் கிராமச் சபைகளுக்குச் சட்டம் உண்டாயிற்று. 1981இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் நீங்கி, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. ஊரவரின் கைக்கெட்டிய சபை தூரப் போயிற்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரதேச சபைகள் பிறந்தன. போர்க்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துச் சபைகள் பலவற்றுக்கு நெடுங்காலம் தேர்தலே நடைபெறவில்லை. போர் முடிந்த பின்னும் தடை தீரவில்லை. 2023 மார்ச் 9ஆம் திகதிக்கு நியமித்த உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அம்மாதம் 19ஆம் திகதி சபைகளின் காலம் முடிந்தது. உறுப்பினர் இல்லாத சபைகளை உத்தியோகத்தர்கள் நடத்தினர்.

அப்போது நீதிமன்றத்தை நாடியோருள் பெஃப்ரல் என்னும் மக்கள் இயக்கமும் ஒன்று. சுதந்திரமானதும் நீதியானதுமான தேர்தலுக்கென 1987இல் தோன்றிய அவ்வியக்கம், வாக்குச் சாவடிகளைக் கண்காணிப்பதோடு வாக்காளருக்கு அறிவூட்டும் பணியையும் செய்துவருவது. 2024 ஆகத்து 22ஆம் திகதி உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமையாற் குடிமக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. ஆட்சிப் பீடத்தில் இல்லாத குடிமக்களின் அமைப்புகளும் இவ்வாறு வாக்கைக் காத்து நின்றன.

ஓட்டமாவடி போன்ற ஓர் ஊரில் இத்தகைய சங்கம் ஒன்று என்ன செய்யக்கூடும்? பெரிய மண்டபமோ பெரும் பணமோ அதற்கு வேண்டியதில்லை. பள்ளிவாசல், பாடசாலை, மாதர் சங்கம், விவசாயிகள் சங்கம், மீனவர் சங்கம் ஆகியவற்றிலிருந்து நம்பிக்கைக்குரிய சிலர் கூடினாற் போதும்.

முதற் பணி வாக்காளர் இடாப்பைப் பற்றியது. தேர்தல் நாளில் வந்து, பெயர் இல்லையென்று திரும்புவோரைப் பார்ப்பதைவிட வருத்தம் வேறில்லை. ஆண்டுதோறும் இடாப்பு திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தரின் உதவியோடு பெயர்கள் சேர்க்கப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். விடுபட்டோர் கோரிக்கை செய்யலாம். பதினெட்டு வயது நிறைந்த மகன், மணமுடித்துப் புதுவீடு புகுந்த மகள், வேற்றூரிலிருந்து குடிவந்த குடும்பம் ஆகியோரின் பெயர் உண்டா என்று வீடு வீடாய்க் கேட்பது சங்கத்தார்க்கு உரிய வேலை.

இரண்டாவது, வாக்கைச் செல்லும்படி இடுவதற்குக் கற்பித்தல். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலில் வாக்காளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேர் வாக்களித்தனர். நவெம்பர் 14ஆம் திகதிப் பாராளுமன்றத் தேர்தலில் அது 69 அளவுக்குக் குறைந்தது. முந்தியதில் ஏறக்குறைய மூன்று இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன, பிந்தியதில் 6,67,240. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெயிலில் நின்று இட்ட வாக்குகள் கணக்கில் ஏறவில்லை. சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பத் தெரிவு குறிக்கலாம். பாராளுமன்றத் தேர்தலிற் கட்சிக்கோ குழுவுக்கோ புள்ளடியிட்டு, அதன்பின் வேட்பாளர் மூவர் வரைக்கும் விருப்பு இலக்கத்தைக் குறிக்கலாம். பிரதேச சபைத் தேர்தலில் ஒரே புள்ளடி. முறைகள் வேறுபடுவதால் முதியோர் மயங்குவர். மாதிரிச் சீட்டொன்றை வைத்து ஒரு மாலைப்பொழுதில் விளக்கினால் அம்மயக்கம் தீரும்.

மூன்றாவது, பெண்களின் பங்கு. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி உள்ளூராட்சிச் சபைகளில் நான்கிலொரு பங்கு பெண்களுக்கு உரியது. குடிதண்ணீர், வடிகால், நூலகம், சிசு நிலையம் என்பவற்றின் குறைகளை அன்றாடம் அனுபவிப்போர் பெண்களே. சபையில் இடமிருந்தும் பேச்சுரிமை இல்லாது அவர்கள் அமர்ந்திருத்தல் தகாது. பேசப் பழகும் இடமாகச் சங்கம் இருத்தல் வேண்டும்.

நான்காவது பணி தேர்தல் முடிந்த மறுநாளில் தொடங்குவது. பலர் புள்ளடியோடு கடமை தீர்ந்ததென எண்ணுகின்றனர். பிரதேச சபைச் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. வருடாந்த வரவு செலவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வையிடலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு வீதிக்கு ஒதுக்கிய பணம் எங்கே சென்றதென எழுதிக் கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் தம் முடிவை அறிவித்தல் வேண்டும். பணிவோடு எழுதிய ஒரு கடிதம் சந்தியில் நின்று வைத வசையைவிடப் பலன் தரும்.

இத்தகைய சங்கத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. நாளடைவில் அது ஒரு கட்சியின் வாலாகிவிடக்கூடும். இன்னாருக்குப் போடுங்கள் என்று சொன்ன கணமே அதன் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். வாக்கு இரகசியமானது, அதனைக் கணவன் மனைவியிடமும், தலைவன் ஊரவரிடமும் கேட்டறிதல் முறையன்று. "வந்து வாக்களியுங்கள்" என்பதோடு சங்கம் நிற்க வேண்டும். யாருக்கு என்பது வாக்காளரின் மனச்சாட்சிக்கு உரியது.

"என் ஒரு வாக்கினால் என்ன ஆகும்?" என்று அலுத்துக்கொள்வோர் ஆரம்பக் கூட்டத்தை எண்ணிப் பார்க்கட்டும். குளம் எல்லோருக்கும் பொது. நீர் அளவோடுதான் உண்டு. கூட்டத்துக்கு வந்தவன் தன் வயலின் நிலையை எடுத்துச் சொல்கிறான். அவன் கேட்டதெல்லாம் கிடைத்துவிடுவதில்லை. ஆயினும், நீரைப் பங்கிடுவோர் கடைசி வயலும் ஒன்று உண்டென்பதை மறவாமல் இருப்பதற்கு அவன் வந்திருந்ததே காரணம். வாக்குச் சாவடிக்குச் செல்லும் முதிய தாயும் அதே காரியத்தைத்தான் செய்கிறாள். அவளுக்குத் துணையாய்ச் சென்று, வழிகாட்டி, மீண்டும் வீட்டிற் சேர்ப்பிக்கும் இளைஞர் நால்வர் ஊரில் இருந்தால், மக்களாட்சி அவ்வூரில் வேரூன்றிவிட்டது என்று கொள்ளலாம்.