பூட்டும் பொறுப்பும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறித் துறையில் பணியாற்றுகின்றனர். இன்னும் பலர் செல்லவிருக்கின்றனர். ஆதலின், அத்துறையில் ஒரு தவறு நேர்ந்தால் பொறுப்பு யாரைச் சேரும் என்னும் வினாவை, அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

அட்லாண்டா நகரைத் தலைமையிடமாகக் கொண்டது ஈக்விஃபாக்ஸ் நிறுவனம். மக்கள் கடன் வாங்கிய வரலாற்றையும் திருப்பிச் செலுத்திய வரலாற்றையும் திரட்டி, வங்கிகளுக்கு விற்பதே அதன் தொழில். அவ்விவரங்களைப் பெரும்பாலும் மக்கள் தாமாகக் கொடுக்கவில்லை. வங்கிகளும் வணிகர்களுமே கொடுத்தனர். 2017ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேருடைய பெயர், பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண் முதலியன அங்கிருந்து களவு போயின. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளை மாற்ற இயலுமா?

களவு நடந்த விதத்தைக் கேளுங்கள். அந்நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் ஓட்டை இருப்பது அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியாயிற்று. அதை அடைக்கும் திருத்தமும் கிடைத்தது. அரசின் எச்சரிக்கை நிறுவனத்தினுள் 400-க்கும் மேற்பட்டோருக்குச் சென்றது. 48 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. ஆயினும், மக்கள் தம் கணக்கிலுள்ள பிழைகளை முறையிடும் பகுதியில் ஓட்டை அடைபடவில்லை. மே மாதத்தில் புகுந்த ஹேக்கர்கள் 76 நாட்கள் உள்ளே உலவினர். கண்காணிக்கும் கருவியோ, அதற்குரிய சான்றிதழ் காலாவதியானமையால், பல மாதங்களாகப் பார்வையற்றுக் கிடந்தது. சூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்தவுடனேயே களவு புலப்பட்டது. மக்களுக்கு அறிவித்தது செப்டம்பர் 7ஆம் நாள்.

இனிப் பொறுப்புக்கு வருவோம். அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவின்முன் தோன்றிய முன்னாள் தலைமை நிர்வாகி ரிச்சர்டு ஸ்மித், இறுதிப் பொறுப்பு தமதே என்றார். எச்சரிக்கையை உரியவரிடம் சேர்க்காத ஒருவரின் தவறு என்றும் உடன் விளக்கினார். அதற்கு முதல் நாள், ஒரு மின்னஞ்சலை அனுப்பி வைக்கவில்லை என்று ஓர் அதிகாரி வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அதை அனுப்பும்படி அவருக்குக் கட்டளையே இல்லை என்று 2018 டிசம்பரில் கீழவைக் குழுவின் அறிக்கை கூறிற்று. இக்களவு முற்றிலும் தடுத்திருக்கக் கூடியது என்றும் உரைத்தது. 2019இல் குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. 2020இல் சீனப் படையினர் நால்வர்மீது அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியது, சீனா மறுத்தது.

கள்வன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் கள்வனைச் சுட்டிக் காட்டுவதால் காவலன் குற்றம் நீங்கிவிடாது. காவலன் என்பவன் கடைநிலை ஊழியன் ஒருவன் மட்டுமல்லன். எச்சரிக்கையும் பணமும் அதிகாரமும் யார் கையில் இருந்தனவோ, அவரிடமே பொறுப்பும் மிகுதி. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது முதுமொழி. மேலிடத்துத் தவறு கீழே நிற்பவன் தலையில் விடிவதை நம் சமுதாயம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறது.

இதனால் சிறிய ஊழியனுக்குக் கடமையில்லை என்று கொள்ளலாகாது. இளைஞர்களே, பணியிடத்தில் குறை கண்டால் வாய்மொழியாகச் சொல்லி நில்லாதீர்கள், எழுத்தில் தெரிவியுங்கள், கிடைத்த விடையையும் பாதுகாத்து வையுங்கள். நாளை நீங்கள் உயர் பதவியில் அமரும்போது, பழியைக் கீழே தள்ளாதீர்கள். நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காவலில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அச்சட்டத்தைப் படியுங்கள், படியாதவர்க்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

கல்வி நமக்கு வேலையைத் தருவதோடு, கேள்வி கேட்கும் துணிவையும் விடை சொல்லும் நேர்மையையும் தருதல் வேண்டும். அதற்காகவே இச்சங்கம் நிலைபெற்று நிற்கிறது.