மார்கழியில் இலை கொட்டினால் பிடுங்கிவிடாதீர்கள்

(செல்போனில் கேட்பதற்காகப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மாதம் வீட்டுத் தோட்டத்து மூலிகைகளைப் பற்றிப் பேசலாம். துளசி, கற்பூரவல்லி, ஆடாதோடை, தூதுவளை மாதிரி, ஒருமுறை நட்டால் சில வருஷமாவது நம்மோடு இருக்க வேண்டிய செடிகள். கல்வராயன்மலைக் குளிரில் அவற்றை எப்படிக் காப்பாற்றுவது? இதில் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, எங்கள் வீட்டுச் செடி அழுகும் வரை.

என் அக்கா வேலை நிமித்தமாக வெள்ளிமலையில் குடியேறினாள். கச்சிராயபாளையத்தில் இருக்கும் எங்கள் ஆயா, தன் வீட்டுக் கற்பூரவல்லியையும் துளசியையும் தொட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார். அந்தப் பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள், தோட்டமும் போய்விடும், அதனால்தான் கொடுத்தார். அக்காவுக்குக் கைக்குழந்தை. ஆயாவின் செடி பக்கத்தில் இருந்தாலே அவளுக்கு ஒரு தைரியம்.

மார்கழி பிறந்ததும் இலைகள் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தன. அக்கா பயந்துபோய், தினமும் சாயங்காலம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். போதாதென்று யூரியாவும் ஒரு பிடி போட்டாள். தை பிறப்பதற்குள் கற்பூரவல்லியின் தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. பொங்கலுக்கு வந்த ஆயா தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குளிர்ல சாகலம்மா. நீ ஊத்துன தண்ணியில அழுகிப்போச்சு."

நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான். நம்ம மலையில் குளிரால் சாகும் செடிகளைவிட, குளிரைப் பார்த்துப் பயந்து நாம் ஊற்றும் தண்ணீரால் சாகும் செடிகள்தான் அதிகம்.

காரணம் எளிது. ஆயிரம் அடி மேலே ஏறினால் வெப்பநிலை சுமார் 2 டிகிரி குறையும். கல்வராயன்மலை இடத்துக்கு இடம் ஏறத்தாழ 2,000 அடி முதல் 4,000 அடி வரை இருக்கிறது. அதனால் கள்ளக்குறிச்சியில் ஃபேன் போட்டுத் தூங்குகிற அதே ராத்திரி, மலையில் கம்பளி தேட வேண்டியிருக்கும். ஊட்டியில் விழுவது போன்ற உறைபனி இங்கே பெரிய கவலை இல்லை. இங்கே பிரச்சினை, ஈரமும் குளிரும் சேர்ந்து வருவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிக் கிடக்கும். அடுத்தே மார்கழிப் பனி. குளிரில் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும், வேர் தண்ணீர் குடிப்பதும் குறையும். கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 16 டிகிரிக்குக் கீழே போனால் அதன் மொட்டுகள் துளிர்க்காமல் உறங்கிவிடும். அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீர் மண்ணிலேயே தேங்கும். வேருக்குக் காற்று கிடைக்காது, பூஞ்சை பிடித்து அழுகும்.

மஞ்சளை நினைத்துப் பாருங்கள். மார்கழியில் இலை காய்ந்து சாய்ந்தால் செத்துவிட்டது என்றா சொல்கிறோம்? மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மற்ற மூலிகைகளிடமும் அதே பொறுமை வேண்டும்.

சரி, எப்போது என்ன செய்யலாம்?

புரட்டாசியிலேயே தயாராகிவிடுங்கள். தொழுஉரமோ மண்புழு உரமோ அப்போதே கொடுத்துவிடுங்கள். கவாத்தும் அப்போதே. குளிரில் வெட்டினால் புதுத்துளிர் கருகும், வெட்டுக்காயமும் சீக்கிரம் ஆறாது. கற்பூரவல்லியில் விரல் நீளத்துக்கு நாலைந்து நுனிக்கிளைகளைக் கிள்ளி, சின்னப் பைகளில் மணல் கலந்த மண்ணில் நட்டு வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். தாய்ச்செடி போனாலும் பிள்ளைச்செடி இருக்கும். துளசிக் கதிர் காய்ந்ததும் விதையை உதிர்த்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் இருக்கும் துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். தரையில் நட்ட செடி என்றால் சுற்றிலும் மேடாக்கி, தண்ணீர் ஓட வழி விடுங்கள். பள்ளமான இடம் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் பள்ளத்தில்தான் போய்த் தங்கும்.

மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் வீட்டின் தெற்குச் சுவர் ஓரம்தான் நல்ல இடம். பகலெல்லாம் வெயில் வாங்கிய சுவர், ராத்திரியில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செடிக்குக் கொடுக்கும். பனி அதிகமான ராத்திரிகளில் நாலு குச்சி நட்டு, ஒரு பழைய வேட்டியைப் பந்தல் மாதிரி போட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாளை இலைமேல் படும்படி மூட வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிவிடும். காய்ந்த சருகை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடலாம். ஆனால் தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

தண்ணீருக்கு ஒரே விதி: ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் வெயில் வந்த பிறகு, காலை ஒன்பது பத்து மணிக்கு, இலையில் படாமல் ஊற்றுங்கள். சாயங்காலம் வேண்டாம். பிரண்டைக்கும் கற்றாழைக்கும் இன்னும் குறைவாகத்தான் தேவை. புதினாவும் வல்லாரையும் மட்டும் விதிவிலக்கு. அவற்றின் மண் லேசான ஈரத்தோடு இருக்கட்டும், ஆனால் சேறாகக் கூடாது.

இவ்வளவு செய்தும் செடி மொட்டையாக நிற்கிறதா? உடனே பிடுங்காதீர்கள். துளசி, ஆடாதோடை மாதிரித் தண்டு தடித்த செடிகளில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். மாசிக் கடைசியில் வெயில் ஏறியதும், பச்சை தெரியும் இடம் வரை காய்ந்ததை வெட்டிவிட்டு, ஒரு கை உரம் போடுங்கள். பங்குனியில் துளிர்க்கும்.

வீட்டுச் செடி போனால் காட்டுக்குப் போய் ஒன்றைப் பிடுங்கி வரலாம் என்று நினைக்காதீர்கள். அருவி பார்க்க மலைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். சிறு வனப்பொருள் சேகரிக்க, 2006 வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழும் பழங்குடி மக்களுக்கு உரிமை தருகிறது. நாம் வேரோடு பிடுங்கும் ஒவ்வொரு செடியும் அவர்கள் வாழ்வாதாரத்தில் ஒரு துண்டு. பக்கத்து வீட்டில் ஒரு கிளை கேளுங்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செடி இருக்கிற தைரியத்தில் மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். குழந்தைக்கு மூச்சு வாங்கினால் கஷாயம் வைக்க நேரமில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104 இருக்கிறது. ஆடாதோடையைக் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

செடியைப் பற்றிச் சந்தேகமா? உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். உழவன் செயலியில் தோட்டக்கலைத் திட்டங்களின் விவரமும் வானிலைத் தகவலும் கிடைக்கும். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். கற்பூரவல்லியில் அழுகாமல் இருந்த ஒரே ஒரு நுனியை ஆயா கிள்ளி, புது மண்ணில் நட்டுவிட்டுப் போனார். துளசியையும் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இருக்கு, விடு" என்றார். பங்குனியில் இரண்டும் துளிர்த்தன. கச்சிராயபாளையத்தில் அந்த வீடு இப்போது இல்லை. புது வீட்டில் வைக்க ஆயாவுக்கு ஒரு கற்பூரவல்லிக் கிளை தேவைப்பட்டது. வெள்ளிமலையிலிருந்து அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் மொட்டையாக ஒரு செடி நிற்கலாம். இன்றைக்குச் சாயங்காலம் சொம்பை எடுக்கும் முன், விரலை விட்டு மண்ணைப் பாருங்கள்.