அரங்கா, ஆடுகளமா?



விளையாட்டரங்கைப் பெருப்பித்தால் விளையாட்டும் வளரும் என்பர் சிலர். இக்கூற்று ஆராயத்தக்கது.

1995ஆம் ஆண்டு, கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள சுகததாச அரங்கில், இந்தியாவை வென்று தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை நம் நாடு சுவீகரித்தது. அதன் பின் அக்கிண்ணம் நமக்குக் கிட்டவில்லை. இதற்கு ஆசனக் குறைவா காரணம்?

2020இல் ஹோமாகமவில் மாபெரும் கிறிக்கெட் அரங்கு அமைக்கத் திட்டமிட்டனர். உள்ள அரங்குகளிலேயே போதிய ஆட்டங்கள் இல்லையே என்றார் மகேல ஜயவர்த்தன. திட்டம் கைவிடப்பட்டது.

பிறேசிலின் மரக்கானா அரங்கில் 1950இல் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் கூடினர். இன்று அங்கே 80,000 பேருக்கும் இடமில்லை. அதனால் அந்நாடு பந்தை மறந்துவிட்டதா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் சிறுவர், வாகனங்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஒழுங்கைகளிற் பந்தடிக்கின்றனர். விதைக்க வயலின்றிக் களஞ்சியத்தைப் பெருப்பித்து ஆவதென்ன?

பெரியோர்களே, முதலில் இச்சிறுவர்க்கு ஒரு மைதானம் வேண்டுமென மாநகரசபையிடம் கேளுங்கள். நண்பர்களே, வாரத்தில் ஒரு மாலையேனும் அவர்களைப் பயிற்றுங்கள். அவர்கள் ஆட்டத்தைக் காண வந்தோர் இடமின்றித் திரும்பும் நாள் வரட்டும்; அன்று அரங்கைப் பெருப்பிக்க நானே முதற் குரல் கொடுப்பேன்.