சுமந்தவர் யார்? பெயர் யாருக்கு?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சாலை வாசலிலும், ரயிலடியிலும், ஆஸ்பத்திரி மதிலிலும் செக்கச்செவேலென்று ஒரு கொடி படர்ந்து கிடக்கிறதே, காகிதப்பூக் கொடி, அதைப் பார்க்காதவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. அடுத்த முறை அதில் ஒரு கொத்தைக் கிள்ளிப் பாருங்கள். பூ என்று நாம் நினைக்கும் அந்தச் சிவப்புத் தகடு பூவே அல்ல. அது நிறம் மாறிய இலை. அதற்கு நடுவில் சின்னக் குழல் போல வெள்ளையாக ஒன்று நிற்கிறது, அதுதான் பூ. பகட்டாகக் கண்ணில் படுவது ஒன்று. உண்மையான பூ வேறொன்று.

இந்தக் கொடிக்குப் புத்தகத்தில் உள்ள பெயர் போகன்வில்லா. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தளபதியின் பெயர் அது. 1767-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரியோ துறைமுகத்தில் இதைச் சேகரித்தவர் என்று கொமெர்சோன் என்ற தாவர விஞ்ஞானியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. தளபதிக்குப் பூவின் பெயர் கிடைத்தது. விஞ்ஞானிக்குப் புகழ் கிடைத்தது. அந்தப் பயணத்தில் செடிகளைப் பறித்து, கட்டி, முதுகில் சுமந்த ஆள் ஒருவர் இருந்தார். அவருக்கு என்ன கிடைத்தது? அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கூலிக்காரர் மகள்

அவர் ஒரு பெண். பெயர் ழான் பாரே. 1740-இல் பிரான்ஸ் தேசத்தின் பர்கண்டிப் பகுதியில் லா கொமெல் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் அன்றாடங் கூலி. கிடைத்த நாளில் வேலை, வேலையில்லாத நாளில் பட்டினி. மன்னனுக்கும் பிரபுவுக்கும் மாதா கோயிலுக்கும் அளந்துவிட்டு மீந்ததை ஏழை உண்ட காலம் அது. பிரெஞ்சுப் புரட்சி வெடிக்க இன்னும் 49 ஆண்டுகள் இருந்தன.

பாரே வளர்ந்ததும் கொமெர்சோன் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். கொமெர்சோன் ஒரு வைத்தியர். செடி கொடிகளை ஆராய்வதில் பித்துக் கொண்டவர். 1762-இல் அவருடைய மனைவி பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார். வீட்டுப் பொறுப்பு முழுவதும் பாரேயின் தலையில் விழுந்தது. 1764-இல் பாரே கருவுற்றார். தகப்பன் பெயரை அவர் சர்க்கார் பத்திரத்தில் சொல்லவில்லை. பிறந்த குழந்தை பாரிஸ் நகரத்து அநாதை விடுதிக்குப் போயிற்று, பிழைக்கவில்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. பண்ணை வீடுகளிலும் பங்களாக்களிலும் பாத்திரம் துலக்கிய தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாத கதை அல்ல.

ஆண் உடையில் ஒரு பயணம்

1766-இல் பிரெஞ்சு அரசாங்கம் உலகைச் சுற்றிவர இரண்டு கப்பல்களை அனுப்பியது. தளபதி பூகன்வில். கூடவே போக கொமெர்சோனுக்கு அழைப்பு வந்தது. சர்க்கார் செலவில் ஒரு வேலையாளையும் அழைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் பயணம் செய்யத் தடை. கொமெர்சோனோ உடல்நலம் குன்றியவர். பார்த்துக்கொள்ளவும், செடிகளைப் பக்குவப்படுத்தவும், தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆள் பாரே ஒருவர்தான்.

ஆகவே பாரே மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஆண் உடை உடுத்தி, வேலைக்காரப் பையனாகக் கப்பல் ஏறினார். பெயரைக் கூட அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சில் ஆணுக்கும் ழான் என்று பெயர் உண்டு. எழுத்திலும் உச்சரிப்பிலும் சிறு வேற்றுமைதான். எத்துவால் என்ற அந்தக் கப்பல் 1767 பிப்ரவரியில் ரோஷ்ஃபோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. எத்துவால் என்றால் நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள்; அவர்களுக்கு நடுவே இவர் ஒருத்தி. மற்ற ஆட்களோடு வேலை செய்யவேண்டும், வெயிலிலும் சட்டையைக் கழற்ற முடியாது, உடம்பு முடியவில்லை என்று சொல்ல முடியாது. சந்தேகமும் கிசுகிசுப்பும் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

செடி சேகரிப்பது என்றால் பூப்பறிப்பது போல என்று எண்ணிவிட வேண்டாம். வேரோடும் பூவோடும் காயோடும் செடியை எடுக்கவேண்டும். அதைக் காகிதங்களுக்கு நடுவே பரப்பிப் பலகை வைத்து அழுத்தவேண்டும். ஈரம் இறங்க இறங்கக் காகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஒருநாள் தவறினாலும் பூஞ்சைக்காளான் பிடித்துவிடும். எந்த இடத்தில், எந்த நாளில் எடுத்தது என்று எழுதிவைக்கவேண்டும். இவ்வளவையும் கப்பலின் ஈரக் கசிவில், எலிக்கும் பூச்சிக்கும் தப்பவைத்துச் செய்யவேண்டும். கொமெர்சோனுக்குக் காலில் ஆறாத புண். தென் அமெரிக்காவின் தென்கோடியில் மகெல்லன் நீரிணையின் பனி மலைகளில் அவர் செடி தேடிப் போனபோது, உணவும் துப்பாக்கியும் செடிக் கட்டுகளும் பாரேயின் முதுகில் ஏறின. அவருடைய உரத்தையும் துணிச்சலையும் கண்டு கொமெர்சோன் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? பொதிமாடு! இதைத் தளபதி பூகன்வில்லே எழுதிவைத்திருக்கிறார்.

1768 ஏப்ரலில் கப்பல் தாஹிதித் தீவை அடைந்தது. பாரே கரை இறங்கியதும் அந்தத் தீவு மக்கள் சூழ்ந்துகொண்டு, இது பெண் என்று சொல்லிவிட்டார்கள் என்று பூகன்வில் எழுதுகிறார். ஓராண்டுக்கு மேல் கூட வாழ்ந்த படித்த கனவான்கள் தெரியாதது போல் இருந்ததை, அந்தத் தீவு மக்கள் ஒரு பார்வையில் கண்டுகொண்டார்கள்! பின்னர் பாரே கண்ணீரோடு தளபதியிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். தாம் அநாதை என்றும், வழக்கில் தோற்று வறுமைப்பட்டு ஆண் வேடம் பூண்டதாகவும், எஜமானருக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னார். பழியைத் தம் தலையில் போட்டுக்கொண்டு எஜமானரைக் காப்பாற்றினார். பூகன்வில் தண்டிக்கவில்லை. உலகைச் சுற்றிய முதல் பெண்ணாக இவர் ஆகக்கூடும் என்றும் குறித்துவைத்தார்.

மொரீசியஸ் தீவில்

அந்த ஆண்டின் இறுதியில் கப்பல்கள் மொரீசியஸ் தீவைத் தொட்டபோது கொமெர்சோனும் பாரேயும் அங்கேயே இறங்கிவிட்டார்கள். பின்னாளில் நம் பாட்டன் பூட்டன்மார் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த அதே மொரீசியஸ்தான். கப்பல் இவர்கள் இல்லாமலே பிரான்ஸ் திரும்பிற்று. 1773-இல் கொமெர்சோன் அங்கே இறந்தார். ஆயிரக்கணக்கான செடிக் கட்டுகள் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. பாரேயிடமோ கையில் காசு இல்லை, ஊர் திரும்பக் கப்பல் இல்லை. ஒரு மதுக்கடை நடத்திப் பிழைத்தார். 1774-இல் துபெர்னா என்ற பிரெஞ்சுச் சிப்பாயை மணந்தார். கணவரோடு பிரான்ஸ் திரும்பியபோது உலகைச் சுற்றிய வட்டம் முழுமை பெற்றது. உலகைச் சுற்றி வந்த முதல் பெண் மகாராணி அல்ல, பிரபு வீட்டுச் சீமாட்டி அல்ல. ஒரு கூலிக்காரர் மகள்! கரையில் அவரை வரவேற்க மேளமும் இல்லை, மாலையும் இல்லை.

1785-இல் கடற்படை இலாகா அவருக்கு ஆண்டுக்கு 200 லிவ்ரு உபகாரச் சம்பளம் ஒதுக்கியது. அவர் அபூர்வமான பெண் என்று பத்திரத்தில் புகழ்ந்தும் எழுதியது. 1807-இல் அவர் காலமானார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கொமெர்சோன் பெயரைத் தாங்கிய செடிகளும் உயிர்களும் எழுபதுக்கு மேல். பாரேயின் பெயரை ஒரு செடிக்கு வைக்கக் கொமெர்சோனும் விரும்பினார். ஆனால் அந்த இனத்துக்கு வேறு பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது. பாரே இறந்து 205 ஆண்டுகள் கழித்து, 2012-இல்தான், தென் அமெரிக்காவின் எக்வடார், பெரு நாடுகளில் வளரும் ஒரு கொடிக்கு விஞ்ஞானிகள் அவர் பெயரைச் சூட்டினார்கள். கத்தரியும் தக்காளியும் உருளைக்கிழங்கும் எந்த இனமோ அதே இனத்துக் கொடி. நம் அடுப்பங்கரைக்குச் சொந்தக்காரச் செடி!

கோயமுத்தூரில் ஒரு பெண்

அது அந்தக் காலம், அந்தத் தேசம் என்று யாராவது சொல்லலாம். ஆகவே நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்கிறேன்.

ஜானகி அம்மாள் 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். மேல்சாதியார் தாழ்த்தி வைத்திருந்த தீயர் சமூகம். ஆனால் தகப்பனார் நீதிபதி. வீட்டில் புத்தகம் இருந்தது, படிக்கவைக்க வசதி இருந்தது. அதனால் சென்னையில் படித்து, கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார்.

அவர் செய்த வேலை நூற்பாலைத் தோழர்களுக்கு எளிதில் விளங்கும். நீங்கள் நூலின் கவுண்ட் பார்க்கிறீர்கள். அவர் உயிரின் கவுண்ட் பார்த்தார். ஒவ்வொரு செடியின் உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் உண்டு. தாய்ச்செடியின் குணத்தைச் சேய்ச்செடிக்குக் கொண்டுபோவது அந்த இழைதான். கரும்புக்கும் அதன் காட்டு உறவுகளுக்கும் எத்தனை இழை, எதை எதோடு சேர்த்தால் புது வகை பிறக்கும் என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து செடி உண்டாக்கி 1938-இல் அதை உலகுக்கு அறிவித்தார்.

பெண் என்பதாலும் பிறந்த சாதியாலும் பட்ட அவமதிப்பு கொஞ்சமல்ல. லண்டன் போனார். உலக யுத்தத்தில் குண்டு மழை பொழிந்தபோதும் ஆராய்ச்சியை விடவில்லை. 1945-இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, மனிதன் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஒரே புத்தகமாக்கி வெளியிட்டார். தெரிந்ததைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் எந்த தேசத்து ஆராய்ச்சியாளரும் எடுத்துப் பார்க்கும்படி செய்தார். அந்தப் புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு வெள்ளை மக்னோலியாப் பூவும் அவர் பெயரில் பூக்கிறது. பிரதமர் நேரு அழைக்க, நாடு திரும்பி, லடாக் முதல் வயநாடு வரை செடி தேடி நடந்தார். 1984-இல் சென்னையை அடுத்த மதுரவாயலில், ஆராய்ச்சிக் கூடத்திலேயே, உழைத்தபடி மறைந்தார்.

பாரேக்கும் ஜானகி அம்மாளுக்கும் உழைப்பில் வேற்றுமை இல்லை, துணிச்சலில் வேற்றுமை இல்லை. ஒருவருக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தது, மற்றவருக்குத் திறக்கவில்லை. ஒருவர் எழுதினார்; மற்றவர் சுமந்தார். வேற்றுமை இவ்வளவுதான், தோழர்களே. இவ்வளவு பெரிது!

ஒருத்தி போனால் போதுமா?

ஆலைப் பெண்களுக்கு இன்னொரு பெயரும் நினைவிருக்கவேண்டும். வாலண்டினா தெரெஷ்கோவா. டிராக்டர் ஓட்டியின் மகள். தகப்பன் போரில் மாண்டார். தாய் பஞ்சாலைத் தொழிலாளி. தானும் யாரோஸ்லாவ்ல் நகரத்துப் பஞ்சாலையில் வேலை செய்தார். ஓய்வு நேரத்தில் பாரசூட்டில் குதிக்கக் கற்றார். 1963 ஜூன் 16 அன்று வாஸ்தோக் 6 விண்கலத்தில் தனியாக ஏறி, மூன்று நாட்களுக்குள் பூமியை 48 முறை சுற்றினார். மாறுவேடம் வேண்டியிருக்கவில்லை. சொந்தப் பெயரிலேயே போனார்.

மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கை மறைக்கக்கூடாது. அதற்கடுத்த பெண் விண்வெளிக்குப் போனது 1982-இல். இடையில் 19 ஆண்டுகள் ஒரு பெண்ணும் இல்லை. ஒருத்தியை உயரத்தில் ஏற்றிப் படம் பிடித்துவிட்டால் எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டது என்று பொருளல்ல.

நம் வேலை

நடவு நடும் தாய்மார்களே! களை எது, பயிர் எது என்று வரப்பில் நின்றபடியே பிரிக்கிறீர்களே, அது அறிவு இல்லையா? கீழாநெல்லி எங்கே முளைக்கும், தூதுவளை எப்போது தளிர்க்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்களே, அது யாரிடமிருந்து வந்தது? ஆயிரம் ஆண்டுகளாகத் தாய் மகளுக்குச் சொன்னது. அதில் சரியும் உண்டு, தவறும் உண்டு. சரி எது, தவறு எது என்று சோதித்து, எழுதி, நாலு பேர் பார்க்க வைத்தால் அதற்குப் பெயர் விஞ்ஞானம். அது வேறு எங்கிருந்தோ வானத்திலிருந்து விழுவதல்ல.

ஆகவே பெரிய வார்த்தை எதுவும் சொல்லாமல் மூன்று காரியம் கேட்கிறேன். பெண் பிள்ளை பெரியவளானதும் பள்ளியை நிறுத்தாதீர்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நிறுத்தாதீர்கள். பிள்ளைக் காப்பகம் கேட்டுப் போராடுவோம், அது நம் உரிமை. பள்ளியில் ஆராய்ச்சிக் கூடம் பூட்டிக் கிடந்தால் அதைத் திறக்கச் சொல்லிப் பெற்றோர் சேர்ந்து போய் நில்லுங்கள். மூன்றாவது, உங்கள் மகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வயலில் கண்ட செடியை அதில் ஒட்டட்டும். இடமும் தேதியும் எழுதட்டும். நீங்கள் சொன்னதையும் எழுதட்டும்.

எழுதி முடித்ததும் அடியில் தன் பெயரைப் போடட்டும். சொல்லிக் கொடுத்த தாயின் பெயரையும் பக்கத்தில் போடட்டும். பாரேயின் கட்டுகள் பாரிஸ் போனபோது அந்த ஒரு வரி இல்லாமல் போயிற்று. நம் வீட்டு நோட்டில் அது விட்டுப்போகக்கூடாது.