ஊர்தியும் உடையவரும்

சாலையோரத்தில் நின்று, போகிற வருகிற வண்டிகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். வண்ணங்கள் எத்தனை! வடிவங்கள் எத்தனை! வாங்கியவர் பல நாள் யோசித்து, கடை கடையாக ஏறி இறங்கி, வீட்டாரின் விருப்பத்தையும் கேட்டு ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்திருப்பார். ஆயினும், அவருடைய விருப்பத்துக்கு இடந்தராத பகுதி ஒன்று எல்லா வண்டிகளிலும் உண்டு. முன்னும் பின்னும் பூட்டியிருக்கும் எண் பலகைதான் அது. பணம் கட்டிப் பிடித்த எண்ணைப் பெறுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் பலகையின் அளவையோ எழுத்தின் உருவத்தையோ மாற்ற இயலாது. அந்தப் பலகை யாருக்காக எழுதப்பட்டது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இன்று சிறிது நேரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மாட்டு வண்டிக்கு எண் எதற்கு? வண்டியையும் மாட்டையும் வண்டிக்காரரையும் ஊரார் அறிவர். வயலில் இறங்கி வரப்பை உடைத்துவிட்டால், மாலைக்குள் வண்டிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று நியாயம் கேட்கலாம். மோட்டார் வண்டி வந்தபோது இந்த நிலை மாறிவிட்டது. எங்கிருந்தோ வந்து, புழுதியைக் கிளப்பி, கோழியையோ குழந்தையையோ மோதிவிட்டுக் கண் இமைக்குமுன் அது மறைந்துவிடக் கூடும். ஓட்டியவர் முகங்கூட ஒருவர் கண்ணிலும் படாமல் போகலாம். ஆகவே, 1893-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரக் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் உடையவரின் பெயரையும் முகவரியையும், தனக்குரிய எண்ணையும் பொறித்த தகடு ஒன்றைத் தாங்கி வரவேண்டும் என்பது அந்த ஆணை. முதலில் பெயரே வெளியில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பின்னர்ப் பெயர் அலுவலகப் பதிவேட்டுக்குள் போய்விட்டது. எண் மட்டும் வெளியில் நின்றது.

இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து வண்டிகளுக்கு எண் கட்டாயமாயிற்று. லண்டன் நகரின் ‘ஏ 1’ என்ற எண்ணைப் பெற்றவர் ரஸ்ஸல் பிரபு. தத்துவ மேதை பெர்ட்ரண்டு ரஸ்ஸலின் தமையனார். நம் சென்னையில் ‘எம்.சி. 1’ என்ற எண், துறைமுகத்தை வளர்த்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு உரியதாயிருந்தது. ‘எம்.சி. 3’ நம்பெருமாள் செட்டியாருடையது. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரர் அவர். கணித மேதை இராமானுசன் தம் இறுதி நாள்களைக் கழித்த சேத்துப்பட்டு இல்லமும் அவருக்கு உரியதே. வாடகைக் காரின் எண்ணாகிய 1729-ஐச் சுவையற்றது என்று ஹார்டி சொல்ல, அதில் ஓர் அற்புதத்தைக் காட்டியவரன்றோ இராமானுசன்! நாம் அவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. வண்டி எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டாலே போதும்.

இந்திய நாடு முழுமைக்கும் பொதுவான மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. அதன் இடத்தை 1939-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் பெற்றன. பின்னது 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இப்போது நாம் காணும் எண்ணில் ‘டி.என்.’ என்பது தமிழ்நாடு. அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் குறிக்கும்: 43 என்றால் உதகை, 72 என்றால் திருநெல்வேலி, 74 என்றால் நாகர்கோவில். பிறகு எழுத்து வரிசை. அதன்பின் 9999 வரை செல்லும் எண். சுழியத்தோடு மயங்கும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தையும், ஒன்றோடு மயங்கும் ‘ஐ’ என்ற எழுத்தையும் வரிசையில் சேர்ப்பதில்லை. நம் மாநிலத்தில் அரசு வண்டிகளுக்கு ‘ஜி’ வரிசையும், அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளுக்கு ‘என்’ வரிசையும் உண்டு. நிறமும் பேசும். சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைப் பலகை, வாடகை வண்டிக்கு மஞ்சள், மின்கலத்தால் ஓடும் வண்டிக்குப் பச்சை.

எழுத்துகள் ஆங்கிலத்திலேயே இருக்கவேண்டும் என்று விதி கூறுகிறது. தமிழிலேயே எழுதிக்கொள்ளலாகாதா என்று என் நண்பர் ஒருவர் மனம் வருந்திக் கேட்டார். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நம் ஊர் லாரி நாக்பூர்ச் சாலையில் ஒருவரை இடித்துவிட்டால், அருகில் நிற்பவர் அந்த எண்ணைப் படித்தாக வேண்டுமே! இளைஞர்கள் சிலர் எண்களை வாள்போல் வளைத்தும், நடிகர் படத்துக்குக் கீழே எறும்புபோல் சுருக்கியும் எழுதிக்கொள்வதைக் காணும்போது எனக்கு வரும் எண்ணம் ஒன்றுதான். பலகை தமக்காக எழுதப்பட்டது என்று அவர்கள் கருதிவிட்டார்கள்.

2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பலகை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதில் குரோமிய முத்திரையும், லேசர் ஒளியால் செதுக்கிய தனி எண்ணும் இருக்கும். ஒருமுறை பூட்டினால், உடைத்தாலன்றிக் கழற்ற முடியாத பூட்டு அதற்கு உண்டு.

பலகை திருட்டுப் போகலாம், மாற்றப்படலாம். ஆகையால் வண்டியின் உடலிலேயே மறைவாக இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று எஞ்சின் எண். மற்றது சேசிஸ் எண் எனப்படும் அடிச்சட்ட எண். அடிச்சட்டத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எழுந்துவரும் எண்ணை விண்ணப்பத்தோடு ஒட்டும் வழக்கத்தை உங்களிற் சிலர் பார்த்திருக்கலாம். பதிவு என்பது வேறொன்றுமில்லை: இந்த இரும்பையும், இந்த எண்ணையும், இந்த மனிதரையும் ஒரே வரியில் எழுதி முடிச்சிடுவதுதான். புது வண்டி வாங்கும்போது 20-ஆம் எண் படிவம், விற்பனைச் சான்று, தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று, காப்புறுதி, வரி ஆகியவற்றை விற்பனையாளரே கவனித்துக்கொள்கிறார். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவ்வண்டியை முதற்பதிவுக்காக அதிகாரியின் முன் கொண்டுபோய் நிறுத்தவும் தேவையில்லை. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். இந்தப் பகுதியில் தொல்லை அதிகம் இல்லை.

தொல்லை வருவது வண்டி கைமாறும்போது.

எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றதும் தம் மொபெட்டைப் பால்காரர் ஒருவருக்கு விற்றார். “நான் பெயரை மாற்றிக்கொள்கிறேன், ஐயா, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்” என்றார் பால்காரர். ஆசிரியரும் 29-ஆம் எண் படிவத்திலும் 30-ஆம் எண் படிவத்திலும் எதையும் நிரப்பாமலே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். பால்காரருக்கு நாள்தோறும் விடியலில் வேலை. அலுவலகத்துக்குப் போக நேரமில்லை. ஓராண்டுக்குப் பிறகு அவர் அந்த வண்டியை வேறொருவருக்குத் தள்ளிவிட்டார். அவர் ஒரு கல்லூரி மாணவனுக்கு விற்றார். கையொப்பமிட்ட படிவங்கள் வண்டியோடு கைமாறி, எங்கோ ஓரிடத்தில் மழையில் நனைந்து கிழிந்தும் போயின. காப்புறுதியைப் புதுப்பிக்கவேண்டும் என்ற நினைவு அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

ஆறு ஆண்டுகள் சென்றபின் ஒரு நாள், சந்தை முனையில் கூடை சுமந்து சென்ற மூதாட்டி ஒருவர்மீது அந்த வண்டி மோதிற்று. கால் முறிந்து அவர் விழுந்தார். பையன் அஞ்சி, வண்டியை நிறுத்தாமல் ஓட்டிச்சென்றான். எதிர்க் கடைக்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டார். அன்று மாலை காவலர் வந்து நின்றது ஆசிரியர் வீட்டு வாசலில்! அவரிடம் விற்றதற்கான சீட்டு ஒன்றும் இல்லை. வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. ஓய்வு பெற்றபோது அவருக்குக் கிடைத்த தொகையில் பெரும்பகுதி இழப்பீடாகப் போயிற்று.

இது அநீதி என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஓட்டியவன் ஒருவன், கொடுப்பவர் வேறொருவரா? ஆனால் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பு ஒன்று இக்கேள்விக்கு விடை தருகிறது. அந்த வழக்கிலும் ஒரு கார் பதிவேட்டில் பெயர் மாறாமலே 2007-ஆம் ஆண்டு முதல் கை மாறிக் கை மாறிச் சென்றது. 2009-இல் பின்னோக்கி வந்தபோது அது இருவர்மீது மோதியதில் ஒருவர் இறந்தார். பதிவேட்டில் பெயருள்ளவர், “நான் எப்போதோ விற்றுவிட்டேன்” என்றார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே உடையவர் என்று சட்டம் வரையறுக்கிறது. பதிவாகாத விற்பனைகளின் தடத்தை ஒவ்வொன்றாகப் பின்பற்றிச் செல்லும் சுமையை இழப்பீடு கேட்டு வருகிறவர்மேல் ஏற்றலாகாது என்பது தீர்ப்பின் கருத்து.

சந்தை முனையில் விழுந்து கிடந்த மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். பால்காரர் யார், இடையில் வாங்கியவர் யார், பையன் எந்தக் கல்லூரி என்பதையெல்லாம் அவர் எங்ஙனம் அறிவார்? அவருக்காக எழுதப்பட்டது அந்தப் பலகை ஒன்றுதான்.

விற்றவர் 14 நாள்களுக்குள் 29-ஆம் எண் படிவத்தின் வாயிலாகப் பதிவு அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். வண்டி வேறு மாநிலத்துக்குப் போவதானால் 45 நாள் தவணை உண்டு. வாங்கியவர் 30 நாள்களுக்குள் 30-ஆம் எண் படிவத்தைக் கொடுக்கவேண்டும். இவற்றை இப்போது ‘பரிவாகன்’ என்னும் அரசின் இணையத்தளத்திலேயே தொடங்கலாம். கடன் வாங்கி எடுத்த வண்டியானால், கடன் தீர்ந்ததும் 35-ஆம் எண் படிவத்தைக் கொடுத்து, சான்றிதழில் உள்ள அடைமானக் குறிப்பை நீக்கவேண்டும். அது நீங்காத வண்டியை வாங்கிவிட்டுத் தவிப்பவர் பலர். தந்தையார் காலமான பின்னும் அவர் பெயரிலேயே வண்டியை ஓட்டிவரும் பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. பாசத்தால் அப்படியே விட்டிருக்கிறோம் என்பார்கள். ஆனால் 30 நாள்களுக்குள் மரணத்தை அறிவித்துவிட்டு, 31-ஆம் எண் படிவத்தால் பெயரை மாற்றிக்கொள்ளவேண்டும் என்பதே விதி. இதை எளிதாக்கவே 2021-இல், சான்றிதழில் நியமனதாரர் ஒருவரைக் குறிப்பிடும் வசதியும் ஏற்பட்டது.

மாணவர்களாகிய உங்களுக்கு இன்னும் ஒன்று. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டிக்கு உடையவரோ 25,000 ரூபாய் அபராதத்தோடு மூன்றாண்டு வரை சிறைக்கும் ஆளாகக் கூடும்; வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு நீக்கப்படும். இது 2019-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு. தோழனுடைய அண்ணனின் வண்டியைச் சிறிது நேரம் கேட்டு வாங்கும்போது, அந்த அண்ணனின் பெயரையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

ஆசிரியர் கதையை முடிக்கவில்லையே! தீர்ப்புக்குப் பின் அந்தப் பையன் ஒரு நாள் அவர் வீட்டுக்கு வந்து, தலைகுனிந்து நின்றானாம். ஆசிரியர் அவனை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். “தம்பி, என் பெயர் ஆறு வருஷமாய் எனக்குத் தெரியாமலே ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, அதை இறக்கிவிட வேண்டும், வா” என்றார். இருவரும் பேருந்தேறி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்றார்கள். நிலுவையில் நின்ற காப்புறுதியையும், தாமதத்துக்கான கட்டணத்தையும் பையனே செலுத்தினான். புதிய சான்றிதழ் அவன் பெயருக்கு வந்தது. இப்போது அவன் மாதந்தோறும் சிறு தொகையொன்றை ஆசிரியருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறான். அந்த வண்டியில்தான் வருகிறான். ஆசிரியர் முதலில் வாசலுக்கு வந்து எண் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் அவனை உள்ளே அழைப்பாராம்.