வெற்றிடத்தின் நோய்



பழைய வானொலிப் பெட்டிகளில் கண்ணாடி வால்வுகள் இருந்தன. அவற்றின் உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு ஒன்று காணப்படும். எஞ்சிய வாயுவை உறிஞ்சுவதற்காக இடப்பட்ட பேரியம் என்னும் உலோகம் அது. கண்ணாடி விரிசல் கண்டு காற்றுப் புகுந்தால் அப்பூச்சு பால்போல் வெளுத்துவிடும். வெற்றிடம் கெட்டதென்பது உடனே விளங்கும். இத்தனை எளிய அடையாளம் எங்கும் கிடைப்பதில்லை.

ஜினீவா நகருக்கருகில் ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய துகள் முடுக்கி, 27 கிலோமீட்டர் சுற்றளவில் பூமிக்கடியில் அமைந்துள்ளது. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடும் புரோட்டான்கள் காற்றின் அணுக்களில் மோதிச் சிதறலாகாது. ஆகவே அதன் குழாயினுள் அழுத்தம், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது.

இத்தகைய குழாயில் அழுத்தம் ஏறினால் முதலில் எழும் வினா இது: வெளிக்காற்று கசிகிறதா, அன்றிக் குழாயின் சுவரே தன்னுள் அடங்கிய வாயுவைக் கக்குகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு. அப்பகுதியை இருபுறமும் அடைத்துப் பம்புகளை நிறுத்தினால், கசிவாயின் அழுத்தம் ஒரே சீராக ஏறும். சுவர் கக்குவதாயின் ஏற்றம் நாளடைவில் தளரும். வாயுவின் நிறையை அளந்தும் பார்ப்பர். நிறை 28 மட்டும் தென்பட்டால் அது நைட்ரஜனாகவும் இருக்கலாம், கார்பன் மோனாக்ஸைடாகவும் இருக்கலாம். பிராணவாயுவின் 32, ஆர்கானின் 40 ஆகியவையும் உடன் வந்தால் புகுந்தது காற்றே. பிறகு ஒவ்வோர் இணைப்பின்மீதும் வெளியிலிருந்து ஹீலியத்தைத் தெளிப்பர். எவ்விடத்தில் தெளிக்கும்போது ஹீலியம் உள்ளே தோன்றுகிறதோ, அவ்விடமே ஓட்டை.

ஆனால் 2017இல் நேர்ந்தது வேறு. காந்தமொன்றை மாற்றிய பின் குழாயில் தவறுதலாகப் புகுந்த காற்று, பூஜ்யத்துக்குக் கீழே 250 டிகிரியையும் தாண்டிய குளிரில் உறைந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. உறைந்த வாயுவை அழுத்தமானி அறியாது. அதன் துணுக்குகள் அவ்வப்போது கற்றையில் விழ, சிதறிய துகள்களை வெளியிலிருந்த உணர்கருவிகள் கண்டன. எப்போதும் ஒரே இடம்! பலமுறை கற்றையையே வெளியேற்ற நேர்ந்தது.

ஆகஸ்டு மாதத்தில் அவ்விடத்தின் உட்திரையைச் சற்றுச் சூடாக்கிப் பார்த்தனர், நோய் முற்றியது. பின்னர் எட்டுப் புரோட்டான் கொத்துகளுக்கு நான்கு இடங்களைக் காலியாக விட்டு யந்திரத்தை ஓட்டித் தொல்லையைத் தணித்தனர். ஆண்டிறுதியில் அப்பகுதியை மேலும் சூடாக்கி வாயுவை இறைத்தெடுத்தனர். ஆயினும், அச்சூட்டுக்கு அசையாத பனிக்கட்டி எஞ்சியிருக்க வேண்டும். 2018இலும் தொல்லை சிறிது தொடர்ந்தது.

அழுத்தமானி மௌனமாயிருப்பது நலத்துக்குச் சான்றாகாது. வகுப்பில் வாய் திறவாத மாணவனைக் குறையேதும் இல்லாதவனென்று எண்ணி நானும் பன்முறை ஏமாந்திருக்கிறேன். அவனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டறியும் முன் மருந்து கொடுக்காமலும் இருந்திருக்க வேண்டும்.