மத்தியானத்துக்கு மேல் தூங்கிய யந்திரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்சார எக்ஸ்கவேட்டர் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவன் நான். என்னைப் போய் இந்தத் தலைப்பில் பேசச் சொன்னது செயலாளர் அண்ணனின் குறும்பு என்றுதான் நினைக்கிறேன்.

மின்சாரத்தில் ஓடும் மண்வெட்டி யந்திரம் ஒன்றும் புதுசில்லை. என் பெரியப்பா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே சக்கரத்தைச் சுற்றி வாளிகள் கோத்த ராட்சத யந்திரங்கள் பல பத்தாண்டுகளாக மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. பெரிய வகையில் ஒரு வாளியே 1400 லிட்டர் கொள்ளும். லீவுக்குப் போனால், "வாலைப் பாத்தியாடா?" என்பார் பெரியப்பா. வால் என்றால் பின்னால் இழுபடும் கேபிள். அந்த வால் போகிற தூரம்தான் அந்த யந்திரத்தின் உலகம். சுரங்கத்துக்கு அது போதும். ஊர் ஊராக லாரியில் ஏறிப் போகிற கட்டுமான யந்திரத்துக்குப் போதாது. அதனால் இங்கே டீசல் கோலோச்சியது. மோட்டார் என்றைக்குமே பிரச்சினையாக இருந்ததில்லை. வாலை எப்படி வெட்டுவது என்பதுதான் பிரச்சினை.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் நிறுவனம் பாட்டரியில் ஓடும் இருபது டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றை ஒரு மாதச் சோதனைக்கு எடுத்தது. தென்சென்னையில் ஓர் அடித்தளக் குழி. கணக்குப் போட்டவன் நான். டீசல் வண்டி மணிக்கு 12 லிட்டர் குடித்தால் எட்டு மணிக்கு 96 லிட்டர். ஒரு லிட்டரில் சுமார் 10 யூனிட் சக்தி. என்ஜின் அதில் மூன்றரை யூனிட்டை வேலைக்குத் தரும், மிச்சம் சூடாகப் போகும். ஆக, ஷிப்டுக்கு 336 யூனிட். டீசல் வண்டி சும்மா நிற்கும்போதும் குடிக்கும், மோட்டார் குடிக்காது. அதைக் கழித்து, 300 யூனிட் பாட்டரி முழு ஷிப்டும் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

96 லிட்டர் டீசல் எண்பது கிலோ. அந்த பாட்டரி ஏறக்குறைய இரண்டு டன். பயப்படாதீர்கள். காருக்குத்தான் எடை எதிரி. எக்ஸ்கவேட்டருக்குக் கவிழாமலிருக்கப் பின்னால் எப்படியும் இரும்புப் பாளம் வேண்டும்.

முதல் வாரம் மண். அருமையாக ஓடியது. புகை இல்லை, என்ஜின் இரைச்சல் இல்லை. ஒருநாள் பக்கெட் எதிலோ உரசும் சத்தம் கேட்டு ஆபரேட்டர் அண்ணன் சட்டென்று நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் பழைய தண்ணீர்க் குழாய். டீசல் வண்டியாக இருந்தால் காதில் விழுந்திருக்காது என்றார்.

இரண்டாம் வாரம் கருங்கல் பாறை வந்தது. பக்கெட்டைக் கழற்றி பிரேக்கர் மாட்டினோம். மண் அள்ளும்போது வண்டிக்கு நடுநடுவே மூச்சுவிட நேரம் உண்டு. பாறை உடைக்கும்போது பம்புக்கு ஓய்வே கிடையாது. மதியம் பன்னிரண்டரைக்கே பாட்டரி காலி. சார்ஜ் போட சைட்டின் தற்காலிக மின் இணைப்பில் இடமில்லை, டவர் கிரேன் அதைத் தின்றுகொண்டிருந்தது. கடைசியில் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தோம். டீசலை எரித்து மின்சாரம், அதைப் பாட்டரியில் ஏற்றி, இறக்கி... சிரிக்காதீர்கள், நாங்கள் சீரியஸாகத்தான் செய்தோம்.

நான் செய்த தப்பு அதற்குப் பிறகுதான். அறிக்கையில் முதல் வாரச் சராசரியை மட்டும் போட்டு "சோதனை திருப்தி" என்று எழுதினேன். பொய் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்த அறிக்கையை நம்பி இன்னும் நான்கு யந்திரம் வாங்க மேலிடம் தயாரானது.

ஆபரேட்டர் அண்ணனுக்கு யந்திரம் ஓடிய மணிக்குத்தான் பேட்டா. ஒருநாள் டீக்கடையில் சொன்னார்: "சார், வண்டி நல்ல வண்டிதான். ஆனா மத்தியானத்துக்கு மேல அதுக்குத் தூக்கம் வந்துடுது. எனக்குப் பாதி நாள் பேட்டா போவுது." அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் டீ இறங்கவில்லை. அன்று ராத்திரி அறிக்கையைத் திரும்ப எழுதினேன். மானேஜரிடம் வாங்கிய பாட்டை இந்த மேடையில் சொல்ல முடியாது.

திரும்ப எழுதுவதற்காகப் படித்தபோதுதான் ஹைப்ரிட்டின் சூட்சுமம் புரிந்தது. நான் இங்கே செகண்ட் இயர் படித்த 2008-ல் ஜப்பானின் கோமட்சு நிறுவனம் இருபது டன் ஹைப்ரிட் எக்ஸ்கவேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லாரிக்கு மண் ஏற்றும் வண்டி நிமிடத்துக்கு மூன்று நான்கு தடவை சுழன்று நிற்கும். நிற்கும்போதெல்லாம் அந்த வேகம் வீணே எண்ணெயைச் சூடாக்கும். அதை மின்சாரமாகப் பிடித்து அடுத்த அசைவுக்குக் கொடுத்தார்கள். சேமித்தது பாட்டரியில் இல்லை, கெபாசிட்டரில். அவ்வளவு வேகமான கொடுக்கல் வாங்கலுக்கு அதுதான் தோது. எரிபொருள் சராசரியாக 25 சதவீதம் மிச்சம் என்றார்கள். சரி, பாறை உடைக்கையில்? வண்டி சுழலவே இல்லையே, எதைப் பிடிப்பது?

சுவிட்சர்லாந்தில் ஒரு சிமெண்ட் கல்குவாரியில் 65 டன் சுமக்கும் டம்பரைப் பாட்டரிக்கு மாற்றினார்கள். சுமையோடு மலையிறங்கும்போது பிரேக்கே ஜெனரேட்டர். காலியாக ஏறுவதற்கான சக்தியில் பெரும்பங்கு அதிலேயே கிடைத்துவிடுகிறது. நம் அடித்தளக் குழியில் லாரி காலியாக இறங்கிச் சுமையோடு ஏறுகிறது. அதே டம்பரை இங்கே கொண்டுவந்தால் வித்தை பலிக்காது.

ஆகவே இரண்டாவது அறிக்கையில் யந்திரத்தைக் குறை சொல்லவில்லை. மின் இணைப்பு பலமாக உள்ள ஜல்லி யார்டுக்கு அனுப்பலாம், அங்கே மதிய இடைவேளையில் சார்ஜ் போடலாம், பிரேக்கர் வேலைக்கு வேண்டாம் என்று எழுதினேன். நான்கு யந்திரத்துக்குப் பதில் ஒன்றே வந்தது. அந்த அண்ணன்தான் ஓட்டுகிறார், முழு நாள் பேட்டாவோடு.

அந்த ஒரு மாதத்தின் மணிவாரிக் கணக்கு முழுவதையும், தூங்கிய மத்தியானங்கள் உட்பட, துறைத்தலைவர் சாரிடம் கொடுத்திருக்கிறேன். பைனல் இயர் பிராஜெக்டுக்கு வேண்டிய தம்பி தங்கைகள் வாங்கிக்கொள்ளலாம்.